ஈஸ்டர் பிரியாணியோட முடிஞ்சுடுது – வீட்டுல பசங்களோட என்ன செய்யலாம்?

கோவை_அம்மா:

இயேசுவுக்கே புகழ்! இந்த வருஷம் (2026) பிப்ரவரி 18 விபூதிப் புதன், ஏப்ரல் 5 ஈஸ்டர். விபூதிப் புதனோட தவக்காலம் (ஈஸ்டருக்கு முந்தின நோன்புக் காலம்) தொடங்குறதுக்கு முன்னாடியே கேட்டு வச்சுக்கலாம்னு எழுதறேன்.

வீட்டுல அஞ்சு பேர். பையனுக்கு ஒன்பது வயசு, பொண்ணுக்கு நாலு. நான் ஆர்.சி. (ரோமன் கத்தோலிக்கம்), வீட்டுக்காரர் பக்கம் சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை). மாமியார் எங்க கூடத்தான் இருக்காங்க, அவங்களுக்குச் சர்க்கரை உண்டு. வீட்டுக்காரருக்கு ஷிஃப்ட் வேலை. எல்லாரும் ஒண்ணா உட்கார ராத்திரி எட்டரை ஆகிடும்.

கிறிஸ்துமஸ்னா குடில் கட்டறது, ஸ்டார் மாட்டறதுன்னு பசங்க கைக்கு வேலை இருக்கு. ஈஸ்டருக்கு அப்படி ஒண்ணுமே இல்ல. பெரிய வெள்ளியன்னிக்கு நெளியறாங்க, சனிக்கிழமை ராத்திரிப் பூசையில தூங்கிடறாங்க, ஞாயித்துக்கிழமை புதுச்சட்டை, பிரியாணி, திங்கக்கிழமை ஸ்கூல். நம்ம விசுவாசத்தோட உச்சமே இந்த நாள்தானே. அது வீட்டுக்குள்ள வரவே மாட்டேங்குது.

பெருசா பணம் செலவில்லாம, நாலு வயசுப் பொண்ணும் சேர்ந்து செய்யற மாதிரி, மாமியாரும் மனசு வச்சு கலந்துக்கற மாதிரி என்ன செய்யலாம்? அளவு, நேரம் எல்லாம் விவரமாச் சொன்னா உதவியா இருக்கும். பரீட்சை நேரமும்கூட.

மறைக்கல்வி_டீச்சர்:

சகோதரி, முதலில் ஒன்று. இங்கே வரப்போகிற யோசனை எல்லாவற்றையும் செய்யப் பார்க்காதீர்கள். தவக்காலம் முழுவதும் தொடர்கிற ஒன்று, புனித வாரத்தில் ஒன்று, ஈஸ்டருக்குப் பிறகு ஒன்று. மூன்றே போதும். அடுத்த வருஷமும் அதே மூன்றைச் செய்யுங்கள். பிள்ளைகளுக்கு நினைவில் நிற்பது திரும்பத் திரும்ப வருவதுதான்.

தவக்காலத்துக்கு நாலு வயசுக்காரிக்கு ஏற்றது அல்லேலூயாவை ஒளித்து வைப்பது. விபூதிப் புதனிலிருந்து பாஸ்கா திருவிழிப்பு (ஈஸ்டருக்கு முந்தின சனி ராத்திரிப் பூசை) வரைக்கும் கோவிலில் அல்லேலூயா பாடமாட்டார்கள் என்பது பெரியவர்களிலேயே பலர் கவனிக்காத விஷயம். பிப்ரவரி 17 செவ்வாய் ராத்திரி ஒரு நீள அட்டையில் அண்ணன் பெரிய எழுத்தில் 'அல்லேலூயா' என்று எழுதட்டும், தங்கச்சி வண்ணம் தீட்டட்டும். சுருட்டி ஒரு டப்பாவில் போட்டு, அவள் கைக்கு எட்டாத, ஆனால் கண்ணில் படுகிற இடத்தில் வையுங்கள். பீரோ மேல் வைத்தால் சரி. தினமும் பார்ப்பாள், எப்போ எடுக்கலாம் என்று கேட்பாள். அந்தக் காத்திருப்பைத்தான் தவக்காலம் கற்றுத் தருகிறது, தனியாக விளக்க வேண்டியதில்லை. ஈஸ்டர் காலையில் அவளே எடுத்துக் கதவில் ஒட்டட்டும்.

கணக்கு கேட்பான் பையன், சொல்லி வையுங்கள். பிப்ரவரி 18 முதல் ஏப்ரல் 4 வரை எண்ணினால் 46 நாள் வரும். நடுவில் வரும் ஆறு ஞாயிறுகளை நோன்பில் சேர்ப்பதில்லை, அதனால் 40. ஞாயிறு எந்தக் காலத்திலும் உயிர்ப்பின் நாள்தான்.

நோன்பு விஷயத்தில் பிள்ளைகளை வருத்த வேண்டாம். கத்தோலிக்கச் சட்டப்படி ஒருசந்தி (ஒரு வேளை மட்டும் முழுச் சாப்பாடு) 18 முதல் 59 வயது வரை, சுத்தபோசனம் (இறைச்சி விலக்குவது) 14 வயதிலிருந்து. ஒன்பது வயசுக்காரன் சாயங்காலம் வாங்கித் தின்னும் பாக்கெட் தீனியை விட்டால் போதும். அந்தப் பத்து ரூபாய் கண்ணுக்குத் தெரிகிற உண்டியலில் விழ வேண்டும். சேர்ந்த பணம் யாருக்குப் போகப்போகிறது என்று முதல் நாளே முடிவு செய்யுங்கள், இல்லாவிட்டால் பிள்ளைக்கு அது வெறும் தண்டனை. மாமியார் சர்க்கரைக்கு மாத்திரையோ ஊசியோ எடுப்பவர் என்றால் டாக்டரைக் கேட்காமல் பட்டினி இருக்கவே கூடாது, தாழ்சர்க்கரை வந்துவிடும். நோயாளிக்குத் திருச்சபை அந்தக் கடமையை வைக்கவும் இல்லை.

சனி ராத்திரித் தூக்கம் பற்றி. பல பங்குக் கோவில்களில் 11 மணிக்குத் தொடங்கி ஒன்றரை வரை போகிறது. மத்தியானம் 2 முதல் 5 வரை வீட்டையே இருட்டாக்கிப் படுக்க வையுங்கள், ஏழரைக்கு நன்றாகச் சாப்பாடு. முழுப் பூசையும் விழித்திருக்க வேண்டும் என்று வற்புறுத்தாதீர்கள். இரண்டு இடங்களுக்கு மட்டும் விழித்திருந்தால் போதும். முதலாவது, தொடக்கத்தில் வெளியே புது நெருப்பு மூட்டி, பாஸ்கா திரியை (உயிர்த்த கிறிஸ்துவைக் குறிக்கும் பெரிய மெழுகுதிரி) கொளுத்தி, இருட்டுக் கோவிலுக்குள் வருகிற அரை மணி நேரம். கடைசிப் பெஞ்சில் இருந்தால் ஒன்றும் தெரியாது, அதனால் பத்தரைக்கே போய் நெருப்புப் பக்கத்தில் நில்லுங்கள். பழைய ஏற்பாட்டு வாசகங்கள் ஏழு வரை இருக்கும், அப்போது மடியில் தூங்கட்டும். அதன்பின் 'உன்னதங்களிலே' தொடங்கும்போது எழுப்புங்கள். பெரிய வியாழன் பூசையில் அதே பாட்டோடு அடங்கிய மணிகள் எல்லாம் அப்போதுதான் மறுபடி அடிக்கும். நடுவில் மரக்கட்டையைத் தட்டுவார்களே, அதை வியாழன் அன்றே காட்டி வைத்தால் சனி ராத்திரி மணிச்சத்தம் எழுப்புகிற விதமே வேறாக இருக்கும்.

பாளை_பெரியவர்:

அம்மா, உங்கள் மாமியார் சி.எஸ்.ஐ. என்பதால் எழுதுகிறேன். அவர்களைக் கலந்துகொள்ளச் சொல்லாதீர்கள், நடத்தச் சொல்லுங்கள். அவர்கள் சின்ன வயதில் கண்ட லெந்து (தவக்கால) நாட்களில் இரண்டு வழக்கங்கள் இருந்திருக்கும். அவை இன்றைக்கும் அப்படியே வீட்டுக்கு ஏற்றவை.

ஒன்று, பிடியரிசி. உலை வைக்க அரிசி அளக்கும்போது, களைவதற்கு முன்பே, அதிலிருந்து ஒரு கைப்பிடி எடுத்துத் தனிக் கலயத்தில் போடுவது. மூட்டையிலிருந்து எடுக்கக் கூடாது, அன்றைக்குப் பொங்க வைத்திருக்கிற அளவிலிருந்தே குறைய வேண்டும். அதில்தான் அர்த்தம் இருக்கிறது. பெரியவர் கைப்பிடி சுமார் 45 கிராம், பிள்ளை கைப்பிடி 25 கிராம் இருக்கும். மாமியாரும் பேரனும் ஆளுக்கொரு பிடி போட்டால் 40 நாளில் ஏறக்குறைய 2.8 கிலோ சேரும். ரேஷன் அரிசியைப் போட்டுவிட்டு நீங்கள் பொன்னி சாப்பிடக் கூடாது. கோடையில் வண்டு வைக்கும், ஆகவே ஈரக்கையால் போடாமல், காய்ந்த வேப்பிலை இரண்டு கொத்தும் நாலைந்து மிளகாய் வற்றலும் போட்டு இறுக்கமான மூடி போடுங்கள். ஈஸ்டருக்கு மறுநாள் கொடுத்துப் பயனில்லை. சனிக்கிழமை காலையிலேயே வாங்குகிறவர் வீட்டில் இருக்க வேண்டும், அவர்கள் ஞாயிறு சமைப்பது அந்த அரிசியாக இருக்கட்டும். கூட ஒரு கோழிக்கும் தேங்காய்க்கும் பணம் வைத்துக் கொடுங்கள்.

இன்னொன்று, இயேசு சிலுவையில் சொன்ன ஏழு வார்த்தைகள். பெரிய வெள்ளி 12 மணி முதல் 3 மணி வரை மும்மணித் தியான ஆராதனையில் ஏழும் ஒரே மூச்சில் வரும்போது சிறுபிள்ளைகள் தாங்கமாட்டார்கள். வீட்டில் மார்ச் 28 சனி முதல் ஏப்ரல் 3 வெள்ளி வரை ஏழு நாள் இருக்கிறது. நாளுக்கு ஒரு வார்த்தை, குடும்ப ஜெபத்தில் பத்து நிமிஷத்துக்கு மேல் வேண்டாம். வசனங்கள்: லூக்கா 23:34, லூக்கா 23:43, யோவான் 19:26-27, மத்தேயு 27:46, யோவான் 19:28, யோவான் 19:30, லூக்கா 23:46. இந்த வரிசையில்தான் ஆராதனையிலும் வரும், ஆகவே வெள்ளிக்கிழமை ஆராதனைக்குப் போகும்போது கடைசி ஒன்றைத் தவிர மற்ற ஆறும் பையனுக்குத் தெரிந்த வார்த்தைகளாக இருக்கும்.

வாசித்தபின் பிரசங்கம் வேண்டாம், ஒரு காரியம் செய்ய வேண்டும். 'தாகமாயிருக்கிறேன்' என்ற வார்த்தை ஏப்ரல் 1ஆம் தேதி வருகிறது. வெயில் கொளுத்துகிற நேரம். வாசலில் மூடி போட்ட ஒரு மண்பானை, இரண்டு டம்ளர், போகிறவர் வருகிறவர் குடிக்கத் தண்ணீர். புதுப் பானையை ஒரு நாள் முழுக்கத் தண்ணீரில் ஊற வைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டுத்தான் பயன்படுத்த வேண்டும், இல்லாவிட்டால் மண்வாடை அடிக்கும். தினமும் மாற்றாத தண்ணீரைப் பிறருக்கு வைக்கக் கூடாது, அந்தப் பொறுப்பு பையனுக்கு. வாரம் முடிந்ததும் எடுத்துவிடாதீர்கள், கோடை முழுக்க இருக்கட்டும். நாலாவது வார்த்தை 'என் தேவனே, என் தேவனே, ஏன் என்னைக் கைவிட்டீர்'. அன்றைக்கு ஒவ்வொருவரும் தன் மனதை உறுத்துகிற ஒன்றைச் சொல்லலாம், யாரும் பதில் சொல்லவோ திருத்தவோ கூடாது. பெரியவர்களுக்கு இதுதான் கடினம். பிள்ளை ஏதோ சொன்னவுடன் 'அப்படியெல்லாம் நினைக்கக் கூடாது' என்று வாய் வந்துவிடும், அடக்க வேண்டும். ஆண்டவரே அந்தக் கேள்வியைக் கேட்டிருக்கிறார்.

கடைசி வார்த்தையைத் தூங்கப் போகும்போது விளக்கை அணைத்துவிட்டுச் சொல்லிக் கொடுங்கள். 31ஆம் சங்கீதத்தில் வருகிற வாக்கியம் அது. வருஷம் முழுக்கப் படுக்கை ஜெபமாக வைத்துக்கொள்ள ஏற்றது.

ஒரு சின்ன எச்சரிக்கை. உங்கள் வீட்டில் இரண்டு வேதாகமம் இருக்கும். யோவான் 19:27 பழைய மொழிபெயர்ப்பில் 'அதோ, உன் தாய்', கத்தோலிக்கரிடம் இருக்கிற பொது மொழிபெயர்ப்பில் 'இவரே உம் தாய்'. எது சரி என்று விவாதம் ஆக வேண்டாம். ஒருநாள் ஒன்று, மறுநாள் மற்றொன்று என்று வாசியுங்கள்.

குழித்துறை_அடுக்களை:

அக்கா, பெரிய வியாழன்தான் வீட்டுக்குன்னே உள்ள நாள். இயேசு கடைசியா உட்கார்ந்தது சாப்பாட்டு இடத்துலதானே. அதனால நான் அந்த ஒரு ராத்திரியைப் பத்தி மட்டும் சொல்லுதேன்.

முதல்ல பாதம் கழுவுறது. யோவான் 13ஆம் அதிகாரத்துல துண்டைக் கட்டிக்கிட்டு, தண்ணி வார்த்து, கழுவித் துடைச்சார்னு வரிசையாவே இருக்கு, அதையே செய்யுங்க. ஆனா யார் யாருக்குக் கழுவணும்ங்கிறதுல பெரும்பாலான வீடுகள்ல தப்பு நடக்குது. நம்ம ஊர்ல பிள்ளைங்க பெரியவங்க காலைத் தொட்டுக் கும்பிடுறது பழக்கம். அதனால பிள்ளைங்களைக் கொண்டு தாத்தா பாட்டிக்குக் கழுவ வச்சிட்டு முடிச்சுடுவாங்க. அப்போ அது பாத பூசை ஆயிடும், வியாழக்கிழமை ஆகாது. போதகரே சீஷன் கால்ல குனிஞ்சாருங்கிறதுதான் செய்தி. வீட்டுக்குப் பெரியவர் யாரோ அவர் முதல்ல குனியணும். உங்க வீட்டுக்காரர் அம்மாவுக்கு, உங்களுக்கு, பையனுக்கு, கடைசியா குட்டிக்குக் கழுவட்டும். மருமகளுக்கு மாமியார் கழுவணும்னு தோணினா தடுக்காதீங்க. கூச்சமா இருக்கும், பேதுருவுக்கும் கூச்சமாத்தான் இருந்துச்சு.

ஆளுக்கு ஒரு சொம்பு தண்ணி, ஒரு பேசின், தாழ்ந்த ஒரு முக்காலி, ஆளுக்கு ஒரு துண்டு. டைல்ஸ் தரை வழுக்கும், கீழே சாக்கு விரிங்க. உங்க மாமியாருக்குச் சர்க்கரைன்னு சொன்னீங்க, அதனால வெந்நீர் வேண்டாம், கால்ல உணர்ச்சி குறைஞ்சிருந்தா சூடு தெரியாது. கால்விரல் இடுக்குல ஈரம் இல்லாம துடைச்சு விடணும். புண் ஏதாவது இருந்தா அந்தக் காலை விட்டுட்டு மறு கால் மட்டும்.

அப்புறம் அப்பம். கேரளத்துலயும் இங்க மார்த்தாண்டம் பக்கமும் தோமையார் வழிக் கிறிஸ்தவங்க வீட்டுல பெசகா (பாஸ்கா) அப்பமும் பாலும் செய்வாங்க. எந்தச் சபைக்காரங்களும் செய்யலாம், ஆலயத்துல குடுக்கிற நற்கருணைக்கு இது பதில் இல்ல, வீட்டுச் சாப்பாடு, அதைப் பிள்ளைங்ககிட்ட தெளிவாச் சொல்லணும்.

வறுத்த பச்சரிசி மாவு 2 கப். உளுந்து அரை கப், 3 மணி நேரம் ஊறணும். தேங்காய்த் துருவல் 1 கப், சின்ன உள்ளி 5, பூண்டு 2 பல், சீரகம் அரை டீஸ்பூன், உப்பு. உளுந்தைத் தண்ணி குறைச்சு வழுவழுன்னு அரைங்க, தேங்காயும் மத்ததும் ஒரு சுத்து கொரகொரப்பா போதும். மாவோட கலந்தா இட்லி மாவை விட ஒரு பங்கு கெட்டியா இருக்கணும். இது புளிக்காத அப்பம், யாத்திராகமத்துல உள்ள புளிப்பில்லாத அப்பத்தோட நினைவு. கலந்து 20 நிமிஷம் வச்சா போதும். ஏப்ரல் சூட்டுல ரெண்டு மணி நேரம் விட்டா தானா பொங்க ஆரம்பிச்சுடும். காலைல அரைச்சு வச்சுட்டு ராத்திரி அவிக்கலாம்னு நினைக்காதீங்க.

ஒன்றரை இஞ்சு ஆழமுள்ள தட்டுல எண்ணெய் தடவி முக்கால் உயரம் ஊத்துங்க. குருத்தோலை ஞாயிறு கொண்டு வந்த ஓலையில ஒரு விரல் நீளத்துல ரெண்டு துண்டு கிள்ளி, நனைச்சு, சிலுவையா மேல வைங்க. மாவு தண்ணியா இருந்தா ஓலை உள்ள போயிடும், அதுதான் பக்குவத்துக்கு அடையாளம். 25 முதல் 30 நிமிஷம் ஆவில வேகணும். நடுவுல குத்திப் பார்த்தா ஒட்டக் கூடாது. மூடியிலருந்து சொட்டுற தண்ணியில மேல கொழகொழன்னு ஆயிடும், மூடிக்கு அடியில துணி கட்டிக்கிடுங்க.

பாலுக்கு ஒரு பெரிய தேங்காய். ரெண்டாம் பால் 3 கப்ல 2 டேபிள்ஸ்பூன் வறுத்த அரிசிமாவைக் கரைச்சு அடுப்புல வச்சுக் கிளறி, 250 கிராம் வெல்லம் கரைச்சு வடிகட்டினதைச் சேர்த்து, ஏலக்காய், சுக்குப் பொடி போட்டு இறக்குங்க. முதல் பால் 1 கப்பைக் கடைசியா, அடுப்பை அணைச்ச பிறகுதான் ஊத்தணும். கொதிக்க விட்டா திரிஞ்சு எண்ணெய் பிரிஞ்சுடும். மாமியாருக்கு அப்பம் மட்டும் ஒரு துண்டு, பால் ரெண்டு ஸ்பூன், அதுக்கு ஏத்த மாதிரி சோத்தைக் குறைச்சுக்கட்டும்.

ஆலயத்துலருந்து வந்த பிறகு, வீட்டுக்குப் பெரியவர் ஜெபிச்சு, ஓலையை எடுத்துட்டு, வெட்டி மூத்தவங்களிலிருந்து இளையவங்க வரைக்கும் ஒவ்வொருத்தர் கையில குடுக்கணும். நின்னுக்கிட்டு வாங்குறது முறை. அந்த வருஷம் சாவு நடந்த வீட்டுல அப்பம் செய்ய மாட்டாங்க, பக்கத்து வீட்டுக்காரங்க கொண்டு குடுப்பாங்க. உங்க தெருவுல அப்படி ஒரு வீடு இருந்தா ஒரு தட்டு அதிகமா அவிச்சு, பிள்ளைங்க கையில குடுத்து அனுப்புங்க.

கோவை_அம்மா:

இவ்வளவு விவரமா வரும்னு நினைக்கல, ரொம்ப நன்றி. பாதம் கழுவுறதுல யார் முதல்ல குனியணும்ங்கிறது எனக்கு இதுவரைக்கும் தோணவே இல்ல. மாமியார்கிட்ட பிடியரிசி பத்திப் படிச்சுக் காட்டினேன், கலயம் தேட ஆரம்பிச்சுட்டாங்க.

இன்னும் நாலு சந்தேகம். பொண்ணு 'இயேசு ஏன் செத்துப் போனார்'னு கேட்டா நாலு வயசுக்கு என்ன சொல்றது? வெள்ளி, சனி ரெண்டு நாளும் பசங்க கைக்கு என்ன வேலை? முட்டைக்குச் சாயம் போடறது நம்ம வழக்கமா, செய்யலாமா? அப்புறம் கோவில்ல தர்ற மெழுகுதிரியை வீட்டுக்குக் கொண்டு வந்து என்ன செய்யறதுன்னே தெரியல.

ஞாயிறுபள்ளி_அண்ணன்:

அக்கா, சிலுவைப் படங்களும் சினிமாக் காட்சிகளும் நாலு வயசுக்கு வேண்டாம். ரத்தம் மட்டும் மனசில் தங்கும், உயிர்த்தெழுந்தது தங்காது. அவளுக்கு மூன்று வாக்கியம் போதும்: 'இயேசு எல்லாரையும் நேசிச்சார். சிலருக்கு அது பிடிக்கல, அவரைக் கொன்னுட்டாங்க. கடவுள் அவரைத் திரும்ப எழுப்பிட்டார்.' மூன்றாவதை வெள்ளிக்கிழமையே சொல்லிவிடுங்கள், சின்னக் குழந்தையை இரண்டு நாள் பயத்தில் வைக்க வேண்டியதில்லை. 'தூங்கிட்டார்' என்று சொல்லாதீர்கள், அப்புறம் தூங்கப் பயப்படுவாள். 'நீ குறும்பு செஞ்சதாலதான் இயேசுவுக்கு ஆணி அடிச்சாங்க' என்று சொல்வதை யார் வாயிலிருந்து வந்தாலும் நிறுத்துங்கள். அந்த வயசில் அதை அப்படியே நம்பிவிடுவார்கள். ஒன்பது வயசுக்காரனோடு பாவம், மன்னிப்பு பற்றிப் பேசலாம், அவன் புரிந்துகொள்வான்.

கைக்கு வேலை என்றால் கல்லறைத் தோட்டம். முளைப்பாரி வளர்க்கத் தெரிந்த ஊருக்கு இது சுலபம். அகலமான மண்தட்டு அல்லது பழைய பிளாஸ்டிக் டிரே, அடியில் நாலைந்து ஓட்டை, மூன்று விரல் உயரத்துக்குச் செம்மண்ணும் தென்னைநார்த் தூளும் பாதிப்பாதி. ஒரு ஓரத்தில் சின்ன மண்கலயத்தைப் படுக்க வைத்துப் பாதி புதைத்தால் அதுதான் கல்லறை, வாய் வெளியே தெரிய வேண்டும். வாயை மூடுகிற அளவில் தட்டைக் கல் ஒன்று.

விதைக்கு வெந்தயம் மாதிரி நம்பகமானது வேறில்லை. குருத்தோலை ஞாயிறு (மார்ச் 29) ராத்திரி இரண்டு கைப்பிடி ஊற வைத்து, திங்கள் காலை மண்ணின் மேல் நெருக்கமாகத் தூவி, லேசாக மண் போர்த்தி, ஈரத்துணியால் மூடுங்கள். புதன்கிழமை முளை தெரிந்ததும் துணியை எடுத்து வெளிச்சத்துக்கு மாற்ற வேண்டும், உச்சி வெயிலுக்கு அல்ல. ஈஸ்டர் அன்று இரண்டு மூன்று விரல் உயரத்துக்குப் பச்சைப் பசேல் என்று நிற்கும். கெடுவது பெரும்பாலும் தண்ணீர் அதிகமாகித்தான். குழந்தைகள் ஆசைக்கு ஊற்றிக்கொண்டே இருப்பார்கள், மண் நாறிவிடும். சொம்பைக் கொடுக்காமல் ஸ்ப்ரே பாட்டிலைக் கொடுங்கள், காலை பத்து அடி, சாயங்காலம் பத்து அடி. வேர்ப்பக்கம் மெல்லிய வெள்ளை ரோமம் தெரிந்தால் அது வேர்த்தூவி, பயம் வேண்டாம். மேலே தூக்கி நூலாம்படை போலப் பரவினால் பூஞ்சை, அந்த இடத்தை மண்ணோடு எடுத்துவிடுங்கள்.

விதை போடும்போது பையன் யோவான் 12:24 வாசிக்கட்டும், கோதுமை மணி நிலத்தில் விழுந்து மடிவது பற்றிய வசனம். வெள்ளி மூன்று மணிக்கு மேல் வெள்ளைத் துணித் துண்டு ஒன்றைச் சுருட்டிக் கலயத்துக்குள் வைத்துக் கல்லால் மூடுங்கள். சனிக்கிழமை ஒன்றும் செய்யக் கூடாது. அந்தத் தட்டைத் தொடவே கூடாது, தண்ணீர் அடிப்பது பெரியவர் வேலை. சனியின் அமைதியை நாம் எல்லாரும் ஷாப்பிங்கில் தொலைத்துவிடுகிறோம், பிள்ளைகளுக்காவது அது தெரியட்டும். ராத்திரி எல்லாரும் தூங்கினபின் கல்லைத் தள்ளி வைத்து, துணியை இரண்டாக்கி, பெரியதை அப்படியே கிடக்க விட்டு, சின்னதை மட்டும் மடித்துத் தனியே வையுங்கள். யோவான் 20:7இல் தலையைச் சுற்றியிருந்த துணி அப்படித்தான் தனியே சுருட்டி வைத்திருந்தது. காலையில் பையனே கண்டுபிடிக்க வேண்டும், ஏன் தனியா இருக்கு என்று கேட்கிறானா பாருங்கள். கேட்டால் அந்தப் பகுதியை எடுத்துக் கொடுங்கள்.

முட்டை நம் ஊர்ப் பழைய வழக்கம் இல்லை, ஆனால் தாராளமாகச் செய்யலாம். முன்காலத்தில் தவக்காலம் முழுக்க முட்டையும் விலக்கப்பட்டிருந்ததால் ஈஸ்டரன்று அது விருந்தானது. கிழக்குச் சபைகளில் சிவப்புச் சாயம், கிறிஸ்துவின் ரத்தத்துக்கு. ஓட்டை உடைத்து உயிர் வருவதை உயிர்ப்புக்கு அடையாளமாகச் சொல்வார்கள். கடைச் சாயம் வேண்டாம். 12 பெரிய வெங்காயத்தின் காய்ந்த தோல், 1 லிட்டர் தண்ணீர், மூடி போட்டு அரை மணி நேரம் கொதித்தால் கருஞ்சிவப்பாக இறங்கும். வடிகட்டி ஆறவிட்டு, 2 டேபிள்ஸ்பூன் வினிகர் ஊற்றி, வெள்ளை ஓட்டு முட்டைகளைப் போட்டு மெதுவாகச் சூடேற்றி, கொதி வந்தபின் 10 நிமிஷம். ஃபிரிஜ்ஜிலிருந்து எடுத்து நேராகக் கொதிநீரில் போட்டால் ஓடு வெடித்துவிடும். அழகு வேண்டும் என்றால் கொத்தமல்லி இலை ஒன்றை நனைத்து முட்டையில் ஒட்டி, பழைய மெல்லிய வலைத்துணியில் இறுகக் கட்டிச் சாயத்தில் போடுங்கள். அவிழ்த்தால் இலையின் நரம்பு வரைக்கும் வெள்ளையாகப் பதிந்திருக்கும். துணி தளர்ந்தால் சாயம் அடியில் புகுந்து இலை கலங்கிவிடும், கட்டில்தான் எல்லாம். பீட்ரூட்டை நம்பாதீர்கள், ஆறினதும் பழுப்பாகிவிடும். அவித்த முட்டையை வெயில் காலத்தில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் வெளியே வைத்துச் சாப்பிடக் கொடுக்காதீர்கள்.

மறைக்கல்வி_டீச்சர்:

மெழுகுதிரிக்கு வருகிறேன், சகோதரி. உங்கள் கேள்வித் தலைப்புக்கு உண்மையான பதில் இதில்தான் இருக்கிறது. ஈஸ்டர் ஒரு நாள் அல்ல, ஏப்ரல் 5 முதல் மே 24 பெந்தகோஸ்து வரை 50 நாள். நாற்பது நாள் நோன்பை எண்ணுகிற நாம் ஐம்பது நாள் மகிழ்ச்சியை முதல் நாளோடு விட்டுவிடுகிறோம். அதனால்தான் திங்கட்கிழமை ஒன்றும் மிஞ்சுவதில்லை.

பூசையில் கையில் தரும் மெல்லிய திரியை எரிய வைத்தபடி வண்டியில் கொண்டுவர முயல வேண்டாம். அணைத்துக் கொண்டு வந்து, வீட்டுக்குள் நுழைந்ததும் கொளுத்தி, அதிலிருந்து வீட்டுப் பாஸ்கா திரியை ஏற்றுங்கள். வீட்டுத் திரி 5 செ.மீ. கனம், 15 செ.மீ. உயரம், வெள்ளை. சனி மத்தியானம் பிள்ளைகள் தூங்குவதற்கு முன்னால் அதைத் தயார் செய்யலாம். நடுவில் சிலுவை, மேலே 'அ', கீழே 'ன', நான்கு மூலையில் 2, 0, 2, 6. கோவில் திரியில் இருக்கிற அதே அடையாளங்கள். திருவெளிப்பாட்டில் 'அகரமும் னகரமும் நானே' என்று வருவதால் நம் எழுத்திலேயே போடலாம். கூர்மையான பென்சிலால் கீறி, சிவப்பு வாட்டர்கலரில் ஒரு சொட்டு டிஷ் சோப்பு கலந்து தடவி, உடனே துணியால் துடைத்தால் கீறலுக்குள் மட்டும் நிறம் நிற்கும். சோப்பு இல்லாவிட்டால் மெழுகில் நிறம் ஒட்டாது. ஐந்து காயங்களுக்குக் கோவிலில் சாம்பிராணி மணி குத்துவார்கள், வீட்டில் ஐந்து கிராம்பு. நேராகக் குத்தினால் திரி விரிசல் விடும். ஆணியைச் சூடாக்கி நீங்கள் ஓட்டை போட்டுக் கொடுங்கள், பிள்ளைகள் கிராம்பை நடட்டும்.

தினமும் ராத்திரி எட்டரைக்குச் சாப்பிடும்போது பத்து நிமிஷம் ஏற்றுங்கள். இங்கேதான் பலர் வீட்டில் இரண்டாம் வாரமே திரி வீணாகும். பத்துப் பத்து நிமிஷமாக எரிந்தால் நடுவில் மட்டும் உருகிக் குழியாகி, திரிநூல் மெழுகில் மூழ்கிவிடும். முதல் நாளும் ஒவ்வொரு ஞாயிறும் தொடர்ந்து இரண்டு மணி நேரம் எரிய விடுங்கள், மேல்பரப்பு ஓரம் வரைக்கும் உருகிச் சமமாகும். எட்டு ஞாயிறுக்கு 16 மணி நேரம், மீதி 42 நாளுக்கு 7 மணி நேரம், மொத்தம் 23. இந்த அளவுத் திரி அதைத் தாங்கும். ஏற்றும்போது ஃபேனை நிறுத்த வேண்டும், அது முடியாத வெயில் என்றால் அகலமான கண்ணாடிக் குடுவைக்குள் வையுங்கள். பகலில் ஜன்னல் ஓரத்தில் விட்டால் வளைந்துவிடும்.

ஏற்றும்போது என்ன சொல்வது என்பதில் உங்கள் வீடு பாக்கியம் பெற்றது. மாமியார் 'கிறிஸ்து உயிர்த்தெழுந்தார்' என்று சொல்லட்டும், மற்றவர்கள் 'மெய்யாகவே உயிர்த்தெழுந்தார்' என்று பதில் சொல்லட்டும். கடைசியில் எல்லாரும் அல்லேலூயா, அது பீரோ மேலிருந்து இறங்கி வந்துவிட்டதே.

சமையல் பற்றி ஒரு வார்த்தை. மூன்று நாளும் அடுப்படியிலேயே நிற்கும் அம்மாவுக்கு இதில் எதுவும் போய்ச் சேராது. பெரிய வெள்ளிக்குக் கஞ்சி போதும்: அரை கப் புழுங்கலரிசி நொய், கால் கப் வறுத்த பாசிப்பயறு, 6 கப் தண்ணீர், குக்கரில் ஐந்து விசில், தேங்காய்த் துவையல். பிரியாணிக்கு வெங்காயம் பொரித்து, மட்டனில் தயிரும் மசாலாவும் பிரட்டி ஃபிரிஜ்ஜில் வைப்பதைச் சனி காலை பதினோரு மணிக்குள் வீட்டுக்காரரோடு சேர்ந்து முடித்துவிடுங்கள், ஞாயிறு காலை ஒன்றரை மணி நேர வேலைதான் மிஞ்சும்.

திருவிழிப்பில் மந்திரித்த தீர்த்தம் ஒரு சின்னப் பாட்டிலில் கொண்டு வந்து அறை அறையாகத் தெளியுங்கள், பையன் படிக்கிற மேசையையும் சேர்த்து. பாஸ்கா காலத்தில் சாமியார் வீடு மந்திரிக்க வருவார் என்றால் அன்றைக்கும் இதே திரியை ஏற்றி வையுங்கள். குருத்தோலையை மட்டும் தூக்கிப் போட வேண்டாம். சிலுவைப் படத்தின் பின்னால் செருகி வையுங்கள், அடுத்த விபூதிப் புதனுக்கு ஒன்றிரண்டு வாரம் முன்னால் பங்கில் கேட்பார்கள். அதை எரித்த சாம்பல்தான் 2027 பிப்ரவரி 10 அன்று உங்கள் நெற்றிக்கு வரும்.